செட்டிநாட்டிலிருந்து ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு: தாசில்தார் அலுவலகம் முதல் டெல்லி நேர்முகம் வரை

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் யு.பி.எஸ்.சி. என்றால் கலெக்டர் வேலை என்றுதான் அர்த்தம். அதே ஆணையம் வருடாவருடம் இன்னொரு தேர்வும் நடத்துகிறது: ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. எல்லோரும் சொல்வது ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்திலும் (ஜி.எஸ்.ஐ.) மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் குரூப் ஏ அதிகாரிகளை எடுப்பது இதன் வழியாகத்தான். சம்பளம் லெவல் 10. அடிப்படை ஊதியம் மட்டும் ரூ. 56,100-இல் தொடங்கும், அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி.

நான் இதைக் கடந்து வந்தபோது பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. பாடத்தைவிட சான்றிதழும் தேதியும்தான் அதிகம் படுத்தின. அதனால் படிப்பு பற்றிக் கொஞ்சமும், காகிதம் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

1. உங்கள் பட்டம் செல்லுமா என்று பாருங்கள்

முதுநிலைப் பட்டம் கட்டாயம். பி.எஸ்சி. போதாது. நான்கு வழிகள் இருக்கின்றன:

நிலவியலாளர் பதவிக்கு நிலவியல், பயன்பாட்டு நிலவியல், கடல்சார் நிலவியல், புவி வேதியியல் என்று ஒரு நீண்ட பட்டியலே உண்டு. அந்தப் பட்டியலில் 'கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுகள்' என்ற பட்டமும் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பலருக்குத் தாங்கள் தகுதியானவர்கள் என்பதே தெரியாது.

நீர்நிலவியல் விஞ்ஞானி (சயின்டிஸ்ட் பி) பதவி நிலத்தடி நீர் வாரியத்தில். இதற்குப் பட்டியல் சிறியது: நிலவியல், பயன்பாட்டு நிலவியல், கடல்சார் நிலவியல், நீர்நிலவியல். தொண்டிக்காரர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. இரண்டுக்கும் டிக் அடித்துவிட்டுப் பின்னால் தவிக்க வேண்டாம்.

புவி இயற்பியலாளர் பதவிக்குச் சாதாரண எம்.எஸ்சி. இயற்பியலே போதும். ஆனால் தேர்வில் வருவது நிலநடுக்கவியல், ஈர்ப்பு முறை, காந்த முறை, மின் முறை எல்லாம். புதிதாகத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

வேதியியலாளர் பதவிக்கு எம்.எஸ்சி. வேதியியல், பயன்பாட்டு வேதியியல், பகுப்பாய்வு வேதியியல். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கும் ஊர் என்பதால் காரைக்குடியில் வேதியியல் படிப்பவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் எத்தனை பேர் இந்தத் தேர்வின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம். புவி இயற்பியல், வேதியியல் இரண்டுக்கும் நீர் வாரியத்திலும் சயின்டிஸ்ட் பி பதவிகள் உண்டு.

உங்கள் பட்டச் சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயரை அறிவிக்கையில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 'கிட்டத்தட்ட அதேதான்' என்று நாமே முடிவுகட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால், உங்கள் படிப்பு எந்தப் படிப்புக்கு நிகரானது என்று பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் கையில், ஆனாலும் கையில் காகிதம் இருப்பது நல்லது.

இறுதியாண்டு படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். அடுத்த கட்டத்தில் தேர்ச்சிக்கான ஆதாரம் கேட்பார்கள். நம் பக்கம் கடைசி செமஸ்டர் முடிவும் தற்காலிகச் சான்றிதழும் எப்போது வரும் என்று சீனியர்களிடம் கேட்டு, அதற்கேற்ப எந்த வருடம் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்.

வயது: தேர்வு ஆண்டின் ஜனவரி 1 அன்று 21 நிரம்பியிருக்க வேண்டும், 32 நிரம்பியிருக்கக் கூடாது. 2026 தேர்வுக்கு 1994 ஜனவரி 2-க்கும் 2005 ஜனவரி 1-க்கும் இடையில் பிறந்தவர்கள். ஓ.பி.சி.-க்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 5 ஆண்டும் தளர்வு.

2. காகிதங்களை ஆகஸ்டுக்குள் முடியுங்கள்

அறிவிக்கை செப்டம்பரில் வரும். விண்ணப்பிக்க மூன்று வாரம் போல அவகாசம். அந்த மூன்று வாரத்தில் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் முடியாது.

பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் பெயரும் பிறந்த தேதியும். பிறந்த தேதிக்கு வேறு எந்த ஆவணமும் எடுபடாது. இங்கேதான் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய தலைவலி: விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்துகள். பள்ளியில் 'எஸ்பி. எல். மெய்யப்பன்', ஆதாரில் 'மெய்யப்பன் லெட்சுமணன்', பட்டச் சான்றிதழில் வெறும் 'எல். மெய்யப்பன்' என்று மூன்று ஆளாக இருப்போம். முதலில் ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு பொருத்துங்கள். பட்டத்தில் வேறுபாடு இருந்தால் பல்கலைக்கழகத்தில் திருத்தக் கொடுங்கள். அரசிதழில் பெயர் மாற்றம் வரை போக வேண்டியிருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும், இன்றைக்கே தொடங்குங்கள்.

ஓ.பி.சி. சான்றிதழ். பள்ளிக்கூடக் காலத்தில் வாங்கிய பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே உதவாது. மத்திய அரசுப் படிவத்தில், 'கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்ல' என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதற்கு முன்னால், உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாத பிரிவுகள் உண்டு.

இந்தச் சான்றிதழுக்கு நிதியாண்டுக் கணக்கு இருக்கிறது. புதிய நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1-க்குப் பிறகு, விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பிப்ரவரியில் முந்திக்கொண்டு வாங்கினால் வீண். மே, ஜூன்தான் சரியான நேரம். எந்தெந்த ஆண்டு வருமானம் என்பது அறிவிக்கையில் இருக்கும். முந்தைய வருட அறிவிக்கையைப் பார்த்தாலே அமைப்பு புரிந்துவிடும்.

கிரீமி லேயர் கணக்கில் ஒரு குழப்பம் எல்லா அலுவலகத்திலும் நடக்கும். ரூ. 8 லட்சம் என்ற வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோர் அரசுப் பணியில் என்ன பதவியில் இருக்கிறார்கள் என்பது தனியாகப் பார்க்கப்படும். என் விஷயத்தில் ஒரு அலுவலகத்தில் சம்பளத்தையும் கூட்டி, தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மத்திய அரசின் 1993 உத்தரவை அச்செடுத்துக்கொண்டு போன பிறகுதான் கோப்பு நகர்ந்தது. நீங்கள் முதல் நாளே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். சத்தம் போட வேண்டாம், மேசையில் வைத்தால் போதும்.

விண்ணப்பிப்பது இ-சேவை மையத்தில். முதலில் கேன் எண் (குடிமக்கள் கணக்கு எண்) வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே பதிந்து தருவார்கள். கட்டணம் ரூ. 60. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு மேலே போகும். ஆன்லைன் என்று சொன்னாலும் வி.ஏ.ஓ.-வை ஒரு முறை நேரில் பார்த்துவிடுங்கள். ஜமாபந்தி, தேர்தல் வேலை வந்தால் எல்லாம் நின்றுவிடும்.

இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு) சான்றிதழ். எந்த இட ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் வராதவர்களுக்கு. குடும்ப வருமானம் ரூ. 8 லட்சத்துக்குக் கீழ். இங்கே சம்பளம், விவசாயம், வியாபாரம் எல்லாமே சேரும். அதோடு சொத்து வரம்பும் உண்டு: 5 ஏக்கர் விவசாய நிலம், 1000 சதுர அடிக் குடியிருப்பு, நகராட்சியில் 100 சதுர கஜ மனை, மற்ற இடங்களில் 200 சதுர கஜம். இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே தகுதி போய்விடும். நம் ஊரில் வருமானம் சொற்பமாக இருந்தாலும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் பங்காளிகளோடு ஒரு பங்கு இருக்கும். அந்தப் பங்கு எவ்வளவு, பத்திரம் யார் பெயரில் என்று விசாரணையில் கேட்பார்கள். பாகப் பிரிவினைப் பத்திரம் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். அந்தப் பத்திரம் பர்மாவுக்குப் போன பெரியப்பா பெட்டியில் இருந்தால் உங்கள் பாடு.

எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரிடமும் மத்திய அரசுப் படிவம் கேட்கப்படும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. விண்ணப்பம்

யு.பி.எஸ்.சி.-யின் ஆன்லைன் தளத்தில் கணக்குத் தொடங்கி, அடிப்படை விவரங்களை ஒரு முறை பதிவு செய்ய வேண்டும். இதற்கு அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருடம் முழுக்கத் திறந்திருக்கும். இதில் தப்பாகக் கொடுத்தால் அடுத்தடுத்து எல்லாத் தேர்விலும் அதே தப்பு வரும். பிரவுசிங் சென்டரில் யாரிடமோ சொல்லி நிரப்பச் சொல்லாமல், உங்கள் கையால் நிரப்புங்கள். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

கட்டணம் ரூ. 200. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் இல்லை. ஓ.பி.சி. ஆண்கள் கட்ட வேண்டும்.

புகைப்படம் புதிதாக எடுத்ததாக இருக்கட்டும். அதில் எப்படி இருக்கிறீர்களோ அப்படியேதான் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் வர வேண்டும் என்பது விதி. தாடியோடு எடுத்தால் தாடியோடு போக வேண்டும். பழநிக்கோ குன்றக்குடிக்கோ முடி காணிக்கை வேண்டுதல் இருப்பவர்கள் தேதி பார்த்து நிறைவேற்றுங்கள்.

அடையாள அட்டை எதை விண்ணப்பத்தில் குறிப்பிடுகிறீர்களோ, அதையே ஒவ்வொரு கட்டத்துக்கும் எடுத்துப் போக வேண்டும்.

தேர்வு மையம்: தமிழ்நாட்டில் சென்னைதான். மதுரை, திருச்சியைத் தேட வேண்டாம். முதலில் விண்ணப்பிப்பவருக்கு முதலில் இடம் என்ற முறை. கேட்ட மையம் நிரம்பிவிட்டால் வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

4. முதல்நிலைத் தேர்வு: பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை நடக்கும். காலையில் பொது அறிவு, 2 மணி நேரம், 100 மதிப்பெண். மதியம் உங்கள் பாடம், 2 மணி நேரம், 300 மதிப்பெண். இரண்டும் கொள்குறி வகை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும்.

சிவில் சர்வீஸ் எழுதும் நண்பர் சொல்வதை இங்கே கேட்காதீர்கள். அவர்களுக்கு முதல்நிலை வடிகட்டி மட்டும்தான். இங்கே இந்த 400 மதிப்பெண்ணும் இறுதித் தரவரிசையில் சேரும். மொத்தம் 1200: முதல்நிலை 400, முதன்மைத் தேர்வு 600, நேர்முகம் 200. கட்-ஆஃபைத் தாண்டினால் போதும் என்ற கணக்கு கடைசியில் கடிக்கும். பொது அறிவு 100 மதிப்பெண்ணைக் கைவிட்டுவிட்டு வருபவர்கள் நிறைய. அங்கே 20 மதிப்பெண் கூடுதலாக எடுப்பது, முதன்மைத் தேர்வில் அதே 20-ஐ எடுப்பதைவிட எளிது.

தேதி அறிவிக்கையிலேயே வந்துவிடும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும், அன்றே போடுங்கள். காலையில் காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியம் எழும்பூர். சனிக்கிழமை அதில் போய்விட்டால் மாலையில் மையத்தைப் பார்த்துவிட்டு வரலாம். சனிக்கிழமை இரவு ரயிலில் கிளம்பி ஞாயிறு காலை நேரே தேர்வுக்குப் போகும் திட்டம் வேண்டாம். மையத்தின் கதவை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். ரயில் தாமதம் என்று சொல்லிப் பயனில்லை. கறுப்பு மைப் பால்பாயிண்ட் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் முதல்நிலைக்குக் கிடையாது.

ஜனவரி பாதியில் பொங்கல், தை 3 சிராவயல் மஞ்சுவிரட்டு, அப்புறம் வரிசையாகக் கல்யாணம். சொந்தபந்தம் கோபித்துக்கொள்ளும். அம்மாவிடம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

5. முதன்மைத் தேர்வு: ஜூன்

வேலை கிடைப்பதும் கிடைக்காததும் இங்கேதான். மூன்று தாள், ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 200 மதிப்பெண், விரிவாக எழுதும் முறை. நிலவியலுக்கு: முதல் தாளில் பௌதிக நிலவியல், தொலையுணர்வு, கட்டமைப்பு நிலவியல், படிவியல், தொல்லுயிரியல், அடுக்கியல். இரண்டாம் தாளில் கனிமவியல், புவி வேதியியல், தீப்பாறை, உருமாற்றப் பாறை, புவி இயக்கவியல். மூன்றாம் தாளில் பொருளாதார நிலவியல், இந்தியக் கனிமப் படிவுகள், கனிமத் தேடல், எரிபொருள், பொறியியல் நிலவியல், சுற்றுச்சூழல்.

நீர்நிலவியல் பதவிக்கு முதல் இரண்டு தாள்கள் அதேதான். மூன்றாவது மட்டும் நீர்நிலவியல். இரண்டு பதவிக்கும் போட்டியிட்டால் நான்கு தாளும் எழுத வேண்டும். எம்.எஸ்சி. நிலவியல் முடித்தவர்கள் நான்கும் எழுதுங்கள் என்பது என் கருத்து. ஒரு தாள் கூடுதல் உழைப்பு, ஆனால் கதவு இரண்டாகிறது.

கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும். விடையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இதற்குத் தனியாகத் தயாராக வேண்டும். அலங்கார ஆங்கிலம் யாரும் கேட்கவில்லை. சின்னச் சின்ன வாக்கியம், பெயரிட்ட படம், இந்திய உதாரணம் ஒன்று, இவை போதும். தினமும் ஒரு கேள்வியை நேரம் வைத்துக் கையால் எழுதுங்கள். முதல்நிலை முடிவுக்காகக் காத்திருந்துவிட்டு ஏப்ரலில் எழுதத் தொடங்கினால் கை ஓடாது. பிப்ரவரித் தேர்வு முடிந்த மறுவாரமே தொடங்குங்கள்.

கடந்த ஆண்டுக் கேள்வித்தாள்கள் யு.பி.எஸ்.சி. தளத்திலேயே இலவசம். யாரிடமும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஜி.எஸ்.ஐ.-யின் பூகோஷ் தளத்தில் நிலவியல் வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம், பதிந்துகொண்டால் இறக்கவும் செய்யலாம். பயிற்சி மையம் காரைக்குடியில் தேட வேண்டாம், பெரும்பாலும் ஆன்லைன்தான். பணம் கட்டும் முன் விடைத்தாளைத் திருத்தித் தருகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். வீடியோ பார்ப்பதற்காகக் காசு கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று: களம். நம் காலடியிலேயே பாடம் இருக்கிறது. வழியெல்லாம் செம்புறாங்கல், சிவகங்கைப் பக்கம் கிராபைட், காவிரிப் படுகையின் அடித்தளத்தில் சிவகங்கைப் படிவு, காரைக்குடிக்குத் தண்ணீர் தரும் சம்பை ஊற்று. திருச்சி தாண்டினால் அரியலூர்ப் பகுதியின் கிரெட்டேசியஸ் படிவுகள், காரை ஊரின் அரித்துப்போன மண்மேடுகள். முதல் தாளின் தொல்லுயிரியலும் அடுக்கியலும் அங்கே கண்முன் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நோட்டு, ஒரு சுத்தியல். செலவு பஸ் காசுதான்.

முதன்மைத் தேர்வுக்குக் கால்குலேட்டர் எடுத்துப் போகலாம். நுழைவுச்சீட்டு அறிவுரைகளைப் படித்து அனுமதித்த வகையை மட்டும் வையுங்கள்.

6. நேர்முகம்: டெல்லி

ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுஸில் நடக்கும். அதற்கு முன் விரிவான விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும். எந்தப் பதவி முதலில், எது அடுத்து என்ற விருப்ப வரிசையை யோசித்துக் கொடுங்கள். ஜி.எஸ்.ஐ. என்றால் வருடத்தில் பல மாதம் முகாம், கூடாரம், மலை. நீர் வாரியத்திலும் களப்பணி உண்டு. வீட்டில் இதைப் பேசிவிட்டே வரிசை போடுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளில். பின்னால் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

சொந்த மாவட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள். சிவகங்கை என்றால் கிராபைட்டை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள், எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். பேட்டரி வரைக்கும் பேச்சு போகும். கண்மாய், ஊருணி பற்றியும் யோசித்து வையுங்கள். நிலத்தடி நீர் எடுப்பு, எடுக்கக்கூடிய அளவில் 70 சதவீதம் வரை பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதற்கு மேல் அளவுக்கு மீறிய சுரண்டல் என்ற வகைப்பாடு நாக்கு நுனியில் இருக்கட்டும். எம்.எஸ்சி. ஆய்வேட்டை முழுதாகத் திரும்பப் படியுங்கள். நீங்களே எழுதியதில் மாட்டிக்கொள்வதுதான் மிகச் சங்கடம்.

அசல் சான்றிதழ்கள் எல்லாம் கையில் வேண்டும். கல்லூரியில் அசலை ஒப்படைத்து வேறு படிப்பில் சேர்ந்திருந்தால், முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். டெல்லிக்குச் சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், மதுரை வழியே திருக்குறள் எக்ஸ்பிரஸ். அவசரமானால் திருச்சி அல்லது மதுரையிலிருந்து விமானம். நேர்முகத்துக்கு வருபவர்களுக்கு ஸ்லீப்பர் வகுப்பு ரயில் கட்டணத்தை ஆணையம் தரும். டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் படிவத்தோடு கொடுங்கள். விமானத்தில் போனாலும் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும்.

7. முடிவு வந்த பிறகு

மருத்துவப் பரிசோதனையும் காவல்துறை விசாரணையும் நடக்கும். கண்ணாடி போடுபவர்கள் அறிவிக்கையின் பின்னிணைப்பில் உள்ள பார்வைத் தகுதியை இப்போதே ஒரு கண் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். நிறக்குருடு சோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

பணியாணை வர மாதங்கள் ஆகும். விண்ணப்பித்த நாளிலிருந்து வேலையில் சேரும் நாள்வரை ஒன்றரை வருடத்தை மனதில் வைத்து வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள். இடையில் சும்மா இருக்க வேண்டாம். கேட், நெட் புவி அறிவியல், டி.என்.பி.எஸ்.சி. தொழில்நுட்பப் பணிகள் தேர்வில் வரும் உதவி நிலவியலாளர் பதவி, எல்லாவற்றுக்கும் பாடம் பெரும்பாலும் இதேதான். ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர்கள், விண்ணப்பிக்கும்போதே அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் விடுவிப்பு ஆணையில் சிக்கல் வரும்.

முதலில் எங்கே போடுவார்கள் என்று கேட்காதவர் இல்லை. ஜி.எஸ்.ஐ.-யின் மண்டலத் தலைமையகங்கள் லக்னோ, ஜெய்ப்பூர், நாக்பூர், கொல்கத்தா, ஷில்லாங், ஐதராபாத். பயிற்சி ஐதராபாத்தில் நடக்கும், சித்ரதுர்கா, ஜாவர் போன்ற களப் பயிற்சி மையங்களுக்கும் அனுப்புவார்கள். சென்னைதான் வேண்டும் என்று தொடக்கத்திலேயே பிடிவாதம் பிடிக்க முடியாது. கொஞ்சம் ஹிந்தி பேசக் கற்றுக்கொண்டு போனால், முகாமில் சமையல்காரரிடமும் டிரைவரிடமும் பேசச் சிரமம் இருக்காது.